அவர் சொன்ன மஞ்சள்

கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், முன்னறைச் சுவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, வெள்ளையடிச்சியா என்பதுதான்.

அவர் மனைவி தோள்பையைக் கூட இன்னும் இறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ் ஏறி, அவருக்கு மட்டும் எப்படியோ ஒரு சீட்டுப் பிடித்துக் கொடுத்து, தான் நின்றுகொண்டே வந்து, இறங்கியதும் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து சேர்த்திருக்கிறாள். இதில் எந்த நேரத்தில் சுண்ணாம்பு குழைத்தாளாம்? ஆமாம், நடுவில் ஓடிவந்து அடித்துவிட்டுத்தான் போனேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவருக்கு அது காதில் விழவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணை மூடி, செய்யாத கண்ணால் சுவரைப் பார்த்தார். பிறகு மாற்றிப் பார்த்தார். ஒரு கண்ணுக்குச் சுவர் டீ சிந்தின துணி, இன்னொரு கண்ணுக்குப் பால். சின்னப் பிள்ளை மாதிரி இதையே வெகுநேரம் செய்துகொண்டிருந்தார்.

டாக்டர் சொல்லி அனுப்பியது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது, தூசிக்கும் புகைக்கும் கிட்டவே போகக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது அவளுக்குத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் புகையிலை முற்றி, அடி இலைகள் தடித்து, பறி பறி என்று நின்றுகொண்டிருந்தது. டாக்டர் மனிதருக்குத்தான் சொல்ல முடியும், செடிக்கா சொல்ல முடியும்?

இத்தனைக்கும் தெருவில் இவரையே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இலை டாக்டர். லாரி ஓட்டி ஓட்டி இடுப்பு தேய்ந்து வண்டியை விட்ட மனிதர், பின்னால் சும்மா கிடந்த மண்ணில் நாலு வரிசை புகையிலை போட்டார். அது பிடித்துக்கொண்டது. ஓர் அறை கட்டினார். சுவருக்கு வெளியே அடுப்பு, அதன் சூட்டை உள்ளே கொண்டுபோக நீளமாக ஒரு தகரக் குழாய். அக்கம்பக்கத்தில் பத்துச் செடி வளர்த்தவர்கள் எல்லாம் இலையோடு வந்து இவர் முன்னால் நிற்க ஆரம்பித்தார்கள். இவர் வாங்கி, வானத்துக்கு நேரே பிடித்து, புருவத்தைச் சுருக்கி, இன்னும் ஒருநாள் போகட்டும் என்பார், இல்லாவிட்டால் இப்பவே சூட்டை ஏற்று என்பார். காசா பணமா, பெருமைதான். அந்தப் பெருமையில் அவளையும் டாக்டரம்மா என்று நாலு பேர் கேலி பேசினார்கள். டாக்டரம்மாவின் வேலை, விறகு அள்ளுவதும் சாம்பல் அள்ளுவதும்.

நிறம் பார்ப்பது என்றால் லேசுப்பட்ட காரியமும் இல்லை. பறித்த பச்சை இலையைக் கம்புகளில் கோர்த்து அறைக்குள் தொங்கவிட்டு, முதலில் இளஞ்சூடுதான் கொடுக்க வேண்டும். இலை காய்ந்துவிடாமல், உயிரோடு இருந்தபடியே, தன் பச்சையை விட்டு மெல்ல மஞ்சளுக்கு வரும். வந்ததும் தீயை ஏற்றி அந்த மஞ்சளை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முந்திக்கொண்டு ஏற்றினால் பச்சை உள்ளேயே உறைந்துபோகும். அப்புறம் எத்தனை காய்ந்தாலும் பச்சைதான், பற்ற வைத்தால் தொண்டையை அறுக்கும். பிந்தினால் மஞ்சள் தாண்டிப் பழுத்து, கறை விழுந்து, அழுகல் வாடை வரும். ஆக, ஏத்து என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தச் சொல்லை அந்த வீட்டில் அவர்தான் சொல்வார்.

சொல்வது அவர். ஆனால் கேட்பது யார் என்று ஒன்று இருக்கிறதே.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலை அவர் ஏத்து என்றபோது, அவள் கையிலிருந்த இலையைப் பார்த்தாள். நரம்பு ஓரமெல்லாம் பச்சை. சொன்னாள். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், சொல்லியிருக்கக் கூடாதுதான். என் கண்ணைவிடவா உன் கண் என்று அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். சரி என்று போய் ஏற்றினாள். அறை முழுக்கப் பச்சை உறைந்தது. பழி யார்மேல் விழும்? விறகை அள்ளிக் கொட்டிவிட்டாள், தீ கடுமை, பொம்பளைக்குப் பொறுமை இல்லை என்று தெரு முழுக்க ஆயிற்று.

அடுத்த தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் ஏத்து என்றார், சரிங்க என்றாள். போனாள். அடுப்பில் ஒரு சுள்ளிகூட வைக்கவில்லை. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், நடுவில் அறைக்குள் போய் இலையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், மதியம் தாண்டி, பச்சையின் கடைசிச் சொட்டும் போன பிறகு தீயை ஏற்றினாள். இலை தங்கம் மாதிரி வந்தது. அவர் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு தெருவில் வலம் வந்தார். பெயர் யாருக்குப் போனால் என்ன, வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் சரி என்று அவள் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கண்ணில் திரை வளர வளர, அவளுடைய இடைவெளியும் வளர்ந்தது. காலையில் சொன்னால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தீ. நடுவில் இலையைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள், அவ்வளவு பழகிப் போயிற்று. அந்த நேரத்தில் பாயை விரித்துத் தூங்கினாள். அவள் தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாக எல்லோரும் நினைத்ததால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். இரவெல்லாம் எழுந்து எழுந்து இளஞ்சூடு காத்தவளுக்கு, அந்த வீட்டில் தனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தத் தூக்கம்தான்.

அவளுக்கு முடியவில்லை. அதுதான் உண்மை. முழங்கால் போயிற்று, நெஞ்சில் புகை சேர்ந்து இருமல் நிற்பதில்லை. கண் மங்கினால் தானாக விட்டுவிடுவார், அடுப்பை மூடிவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மகள் வெளியூரிலிருந்து வந்து, அப்பாவைத் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய், அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டாள். இப்போது இவர் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு டெய்லர் தன் வீட்டை ஒட்டிய காலி நிலத்தையும் தருகிறேன், சேர்த்துப் போடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை அறையில் இலை நல்லபடியாக வந்தால் டெய்லருக்குச் சரி சொல்லிவிடப் போகிறாராம். இன்னும் பத்து வருஷம் தாங்குமாம் இந்தக் கண். கண் தாங்கும் ஐயா, முதுகு யாருடையது?

இலை கெட்டுப்போக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. கை வைத்து வளர்த்ததைக் கெட்டுப் போ என்று நினைக்க அவளால் ஆகாது. ஆனால் நல்லபடியாக வந்துவிட்டால் அப்புறம் என்ன என்று யோசித்தபோதே அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது.

பறித்தாள், ஒற்றை ஆளாக. இலைப் பிசின் கையில் ஒட்டி, கையிலிருந்து தலைமுடியில் ஒட்டி, எத்தனை தேய்த்தும் போகவில்லை. கோர்ப்பதற்கு டெய்லர் மனைவி வந்தாள். பாதிக் கம்பு முடிவதற்குள் வாடையில் தலை சுற்றுகிறது என்று போய்விட்டாள். முக்காலி போட்டு ஏறி ஒவ்வொரு கம்பாக மாட்டினாள். அவர் முன்னறை ஜன்னலோரம் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு, கொண்டா பார்ப்போம், கொண்டா பார்ப்போம் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

முதல் இலையைக் கொண்டுபோய் நீட்டியபோது அவருக்கு உயிரே போய்விட்டது. கருக்கிவிட்டாயே பாவி என்று கத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள் என்றாள். கழற்றினார். அடேயப்பா, என்ன பச்சை, என்ன பச்சை என்று அசந்துபோனார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கிக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு நாள் இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்றே சொன்னார். வழக்கமாக இதற்குள் ஏத்து என்றிருப்பார். அது அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தூக்கம் கெட்டவளுக்கு எது தோன்றும்? வெளியே தூறல் விடாமல் பிடித்துக்கொண்டது, விறகு நமுத்துப் புகைந்தது, ஊதி ஊதிக் கன்னம் வலித்தது.

மூன்றாம் நாள் காலை அவர் இலையை வாங்கிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பழைய கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி, இலையைச் சாய்த்து, நிமிர்த்தி, நரம்பின் மேல் விரலை ஓட்டினார்.

"ஏத்து," என்றார் மெதுவாக. "இப்பவே ஏத்து. இப்படி ஒரு மஞ்சளை நான் பாத்ததே இல்ல."

"சரிங்க."

அவள் இலையை வாங்கி, பார்க்காமலே அடுப்படி அலமாரியில் செருகினாள். அரிசி களைந்து போட்டாள். அவருக்குக் கண்ணில் மருந்து விட்டாள். சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். பின்கட்டில் பாயை விரித்து, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தாள். அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

விளக்கு வைக்கும் நேரம் எழுந்து, அறைக் கதவைத் திறந்தபோது வாடையே வேறாக இருந்தது. எப்போதும் நனைந்த வைக்கோல் போல ஒரு வாசனை வரும். இது ஈரத்தில் கிடந்த பழத்தின் வாடை. டார்ச்சை அடித்தாள். இலை ஓரமெல்லாம் பழுப்பு. சிலதில் நடுவிலேயே திட்டுத் திட்டாகக் கறை. இந்தக் கம்பு, அடுத்த கம்பு, மேல் வரிசை, எங்கு அடித்தாலும் அதுதான்.

ஒன்றும் புரியாமல் அடுப்படிக்கு ஓடினாள். காலையில் செருகிய இலை அங்கேயே இருந்தது. அதை வாசலுக்குக் கொண்டுபோய், மிச்சமிருந்த வெளிச்சத்தில் பிடித்தாள். காம்பிலிருந்து நுனிவரை ஒரே மஞ்சள். பொட்டுப் பச்சை இல்லை. அப்போதுதான் உறைத்தது. புதுக் கண்ணால் பார்த்து, மனிதர் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவள் வழக்கம்போலப் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

அப்புறம் என்ன, கிடந்த விறகையெல்லாம் போட்டுத் தீயை ஏற்றினாள். மேற்கொண்டு கெடாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். கெட்டது கெட்டதுதான்.

அறை காய்ந்து முடியும்வரை அவரிடம் ஏதேதோ சாக்குச் சொன்னாள். கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்றாள், இன்னும் ஈரம் இருக்கிறது என்றாள். காய்ந்த பிறகு சாக்கு தீர்ந்துபோயிற்று. ஒரு மத்தியானம் அவர் கேட்டார், அவள் நாலு இலையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். மாலையில் டெய்லர் இலை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார். ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறக்கச் சொன்னார். அவள் அடி விழக் காத்திருப்பவள் போல நின்றாள். தீயைக் கெடுத்துவிட்டாய், உடம்பு வணங்கவில்லை, உன்னை நம்பினேன் பார் என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் அவளும் பேசாமல் வாங்கிக்கொள்வாள். இந்தத் தடவை அது நியாயமும்தான்.

அவர் திட்டவில்லை.

"தீ மேல தப்பு இல்ல," என்றார். "நீ எப்பவும் சரியாத்தான் போட்டிருக்கே. கண்ணுதான் என்னை ஏமாத்திருச்சு. இவ்வளவு பழுப்பு எனக்கு மஞ்சளாத் தெரிஞ்சிருக்கு பாரு."

இலைகளை ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பை மூடிவிடலாம் என்றார். டெய்லர் வந்ததும் சொல்லிவிடுகிறேன், அந்த அறையில் விறகோ சாமானோ போட்டு வைத்துக்கொள், உனக்கும்தான் முடியவில்லை, எனக்குத் தெரியாமலா இருக்கிறது என்றார்.

அவள் எத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது! கேட்காமலே, சண்டை போடாமலே, தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாளையிலிருந்து விறகு இல்லை, சாம்பல் இல்லை. காலை நீட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. இந்தப் போர்வை என்ன நிறம் என்று கேட்டார். நீலம் என்றாள். எனக்கும் நீலமாகத்தான் தெரிகிறது என்றார். கொஞ்சம் பொறுத்து, அந்தச் சொம்பு? வாசல் கதவு? உன் புடவைக் கரை சிவப்புதானே? ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். எல்லாமே சரியாகத்தான் இருந்தது. அதனால் அவருக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று போல. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். சத்தமே இல்லையே என்று அவள் எட்டிப் பார்த்தாள். வெயில் ஏறாத அந்த அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த மனிதர் திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருப்பாளே.

எழுந்து போய் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நீங்க சொன்னப்போ இலை நல்ல மஞ்சள். நான்தான் ஏத்தல."

"தூங்கிட்டியா?"

ஆமாம் என்று சொன்னால் அதோடு முடிந்துவிடும். தப்பித்துக்கொள்ளக் கதவு அகலத் திறந்துதான் இருந்தது.

"தூங்கினேன். ஆனா எப்பவுமே தூங்குவேன்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் சொன்னாள். பச்சை உறைந்துபோன அந்த வருஷத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அவர் ஏத்து என்றால் அவள் ஏற்ற மாட்டாள் என்பதை, மத்தியானம்வரை இருந்த இடைவெளி விளக்கு வைக்கும்வரை நீண்டதை, நடுவில் போட்ட பாயை, ஒன்று விடாமல் சொன்னாள். அழாமல், குரல் ஏறாமல், களைத்துப்போனவள் வீட்டுச் சாமான் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அலமாரியிலிருந்து அந்த ஒற்றை இலையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

அவர் அதைப் பார்க்கவில்லை.

போன வருஷம் சுருட்டுக் கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனாரே, அது என்று இழுத்தார். அதுவும்தான் என்றாள். அதற்கு முந்தின வருஷம் என்றார். அவள் தலையாட்டினாள். தெரு முழுக்க வலம் வந்ததெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வருகிறது என்று தெரிந்தது. அவர் முகம் சிறுத்துப்போயிற்று. அவளுக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது, சொன்னதற்காக வருத்தமாகக்கூட இருந்தது.

"இதைச் சொல்லாம விட்டிருந்தா இன்னியோட மூடியிருப்பேன்ல?" என்றார் கடைசியில்.

"தெரியும்."

"உனக்கு மூடணும்னுதானே இருந்துச்சு?"

"இப்பவும் அப்படித்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குச் சொன்னே?"

அவள் போர்வையை எடுத்து மடித்தாள்.

"போர்வைக்கெல்லாம் நிறம் கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க. என்னால பாக்க முடியல."

நான் கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். எழும்போது முழங்கால் சத்தம் போட்டது. பின்கட்டுக்குப் போய்ப் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இனி அவருக்குக் கண்ணும் வந்துவிட்டது, பத்து வருஷமும் வந்துவிட்டது. தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று. யாரை நொந்துகொள்வது?

டெய்லர் வந்த சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன டாக்டரே, இலை எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். இவர் கெட்டுப்போச்சு என்றார். அடடா, அப்போ கண் இன்னும் சரியாகவில்லையா என்று டெய்லர் இழுத்தார். கண் நன்றாக இருக்கிறது என்றார் இவர். தீ, பொம்பளை, பொறுமை என்ற பேச்சே எழவில்லை. டெய்லர் கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் நிலத்து விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அவள் பாயில் திரும்பிக் காது கொடுத்தாள்.

"அதை அவகிட்டதான் கேக்கணும்," என்றார்.

டெய்லர் சிரித்தார். சரி, கூப்பிடுங்கள், இப்பவே கேட்டுவிடலாம் என்றார்.

"தூங்குறா. எழுப்ப முடியாது."

எப்போது எழுந்திருப்பார்கள் என்று டெய்லர் கேட்டார்.

"தெரியாது. எப்போ எந்திரிக்கிறாளோ, அப்போ வந்து அவ சொல்லட்டும். வேணாம்னு சொன்னா வேணாம்தான்."

அவளுக்கு அழுகை வந்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். டெய்லர் இன்னும் உட்கார்ந்திருந்தார், இவர் ஏதோ வேறு பேச்சு எடுத்தார், மழை விட்டதைப் பற்றியோ என்னவோ. அவளுக்குத் தூக்கம் துளிகூட வரவில்லை. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை.